மூன்று செங்கல் இருந்த இடம்

மாமா,

சற்று முன் என் கடை மேசைமேல் நீ இருமினாய்.

படகோட்டி அந்தோணி படகைக் கட்டிவிட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியைச் சார்ஜ் போடுவதற்காக வழக்கம்போல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இன்று அணைக்க மறந்திருக்கிறான். பெட்டியின் அடியில் ஏரிச் சேறு அப்பியிருந்தது. வெள்ளை மண் நனைந்தால் வருமே ஒரு வாசனை, புதுச் சுண்ணாம்பும் மழையும் சேர்ந்த மாதிரி, அது கடைக்குள் பரவிக்கொண்டிருந்தபோதுதான் நீ இருமினாய். அகல் விளக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மா திடுக்கிட்டு, "யாருங்க உள்ளார?" என்றார். "எங்க மாமாம்மா. போன ஆவணியில தவறிட்டாரு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மை சொன்னால் யாவாரம் கெடும் என்று உனக்கு எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நாம் முதலில் பேசியதே ஒரு உடைந்த காதைப் பற்றித்தான். அப்போது எனக்குக் கடை கிடையாது. ஒரு சைக்கிள், பின்னால் வைக்கோல் போட்ட ஒரு கூடை. விருத்தாசலத்துச் சூளைகளில் மூக்கு போனது, மெருகு கொப்புளித்தது, விரல் முறிந்தது என்று கழித்துப்போடும் பீங்கான் பொம்மைகளை வாங்கிக்கொண்டு நல்லூர், திட்டக்குடி என்று சந்தை சந்தையாக மிதிப்பேன். ஒருநாள் வெயிலுக்கு உன் கொல்லையில் ஒதுங்கினேன். நீ மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதறிக்கொண்டிருந்தாய். இடுப்பில் கைக்குழந்தையாக உன் மகள் சுமதி. அவள் கூடைக்குள் கைவிட்டு ஒரு முயலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"காது ஒடஞ்சி கெடக்குதேய்யா" என்றாய்.

"அந்தப் பக்கத்தைச் சொவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டா யாருக்கும் தெரியாது மாமா."

"மொயலுக்குத் தெரியுமே."

பதில் சொல்லாமல் ஒரு பொருளை விற்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஆம்பிளை என்றால் மாமா, பொம்பளை என்றால் அக்கா. அது என் யாவாரத்து உறவு, வாயில் தானாக வரும். உன் விஷயத்தில் அது எப்போது நிஜ உறவாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நீ கடைசிவரை என் பெயரைச் சொல்லவேயில்லை. "என்னா யாவாரி" என்பாய். இன்றைக்கு என் பெயர்ப்பலகையில் பெரிதாக என் பெயர் இருக்கிறது. யாவாரி என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அந்தக் கொல்லைக்குக் கீழே பீங்கானுக்கு ஆகும் வெள்ளை மண் இருந்தது உன் துரதிர்ஷ்டமா அதிர்ஷ்டமா என்று நாம் பேசி முடிக்கவேயில்லை. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாரும் நிலத்தைத் தோண்டக் கொடுத்தார்கள், நீயும் கொடுத்தாய். வளைத்து வளைத்துத் தோண்டினார்கள். முந்திரி மரமெல்லாம் மாவு பூசினமாதிரி நின்றது. லாரி லாரியாக மண் விருத்தாசலத்துக்குப் போய்ச் சூளையில் விளக்காகவும் பொம்மையாகவும் ப்யூஸ் கேரியராகவும் வெந்தது. நான் அந்தச் சூளைகளில்தான் சரக்கு எடுத்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் கூடையைக் காட்டி நீ சொன்னாய்:

"பாத்து வில்லு யாவாரி. இதுல ஒண்ணு ரெண்டு எங்கூட்டுப் பொண்ணு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ ஏதோ சீதை கதை மாதிரி சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சலையைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. உனக்கு இளையவள், காய்ச்சலில் போனவள், கொல்லை மூலையில் புதைத்து மூன்று செங்கல் நட்டு வைத்திருந்தீர்கள் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுச்சாமியாகக் கும்பிடுவதும், காணும் பொங்கலன்று புதுப் பாவாடை வைத்துப் படைப்பதும் உங்கள் வீட்டு வழக்கம். செங்கல் போன பிறகும், மண் போன பிறகும் நீ அதை விடவில்லை. குழி விளிம்பில் இலை போட்டுப் படைத்துவிட்டு, பாவாடையை ஒரு கல்லில் சுற்றி உள்ளே போடுவாய்.

பிறகு தோண்டுவது நின்றது. குழித் தண்ணியை இறைத்த பம்பும் நின்றது. மழையும் ஊற்றுமாகக் குழிகள் நிறைந்தன. எத்தனையோ வருஷம் அப்படியே கிடந்தன. ஆடு விழும், முள்வேலி போடுவார்கள், வேலியைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். திடீரென்று ஒருநாள் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். ஐந்து குழிக்கும் நடுவில் கால்வாய் வெட்டி ஒன்றாகச் சேர்த்தார்கள். கரையில் நடைபாதை, சறுக்குமரம், சிமெண்ட்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. பெரிய குழிக்கு அல்லி ஏரி என்று போர்டு வைத்தார்கள், பம்புக் குழிக்குத் தாமரை ஏரி. "அல்லியும் இல்ல, தாமரையும் இல்ல. பொறந்த புள்ளைக்குப் பேரு வப்பாங்க, இவங்க பொதச்ச எடத்துக்கு வக்கிறாங்க" என்றாய். படகு விட ஏலம் வந்தது. நான் எடுத்தேன். ஒரு மோட்டார் படகு, வாத்து மாதிரி மிதிபடகு நாலு, ஒரு பஜ்ஜிக் கடை.

முதல் சில மாதம் ஈ ஓட்டினேன். வந்தவர்கள் ஒரு சுற்று போய்விட்டு, "என்னங்க, தண்ணிதான் இருக்குது" என்றார்கள். தண்ணியைப் பார்க்க வேண்டுமானால் அவர்களுக்கு வெலிங்டன் ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது. நீ தினம் கரையில் வந்து உட்காருவாய். ஒருநாள் சும்மா படகில் ஏறினாய். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், "இதோ இங்கதான் எங்க கெணறு. அதோ அந்தாண்ட மல்லாட்ட போட்டிருந்தோம்" என்று காட்டிக்கொண்டே வந்தாய். அவர்கள் தண்ணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் விரலைப் பார்த்தார்கள். நான் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எது விற்கும் என்று எனக்கு மூக்கிலேயே தெரியும் மாமா.

அன்று சாயங்காலம் பஜ்ஜித் தட்டோடு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, மல்லாட்டக் கொல்லைனு சொன்னா எவன் அடுத்தவாட்டி வருவான்? உள்ளார ஒரு கோயிலு வச்சுக்கலாம்."

"வச்சுக்கலாமா? இது என்னா மீசையா?"

"இல்லாததையா சொல்லச் சொல்றேன்? உன் தங்கச்சி இருந்தாங்க இல்ல. மூணு செங்கல் இருந்துச்சு இல்ல. இருக்கறதைக் கொஞ்சம் பெருசாக்கு."

"எவ்ளோ பெருசு?"

"ஏழு கன்னிமாரு. கல்லுக் கோயிலு. தோண்ட வந்தவங்க கைவைக்கப் பயந்து அப்டியே வுட்டுட்டாங்க, தண்ணி மூடிக்கிச்சு. அமாவாசைக்கு மணிச் சத்தம் கேக்கும்."

"அஞ்சல ஒருத்தி ஏழு பேரா ஆயிட்டாளா. பரவால்ல, தொணைக்கு ஆளு இருக்கட்டும்" என்றாய். அது சம்மதமா, கேலியா? நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எது சௌகரியமோ அப்படித்தானே எடுத்துக்கொள்வேன்.

கோயில் எந்த இடத்தில் இருப்பதாகச் சொல்வது என்பதையும் நான்தான் முடிவு செய்தேன். படித்துறையைத் தாண்டிப் பம்புக் குழியில் படகு எப்படியும் திரும்பியாக வேண்டும். அங்கேயே நிறுத்திச் சொன்னால் டீசல் மிச்சம். "அது பம்பு வச்ச பள்ளம்யா. சாக்கட மாரி கெடந்துது" என்றாய். "தண்ணிக்கு மேல எல்லா எடமும் ஒண்ணுதான் மாமா" என்றேன்.

நீ நன்றாகச் சொன்னாய். அதுதான் கொடுமை. பொய் சொல்லத் தெரியாதவன் சொல்லும் பொய்க்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நீ தயங்கித் தயங்கிச் சொல்வதை எல்லாரும் பக்தி என்று நினைத்தார்கள். கூட்டம் வந்தது. திட்டக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்த கண்ணாடி வளையலைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். அடுத்த வாரம் நாலு பேர் போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் பஜ்ஜிக் கடையில் ஒரு கம்பியில் நான் வளையல் கோத்துத் தொங்கவிட்டேன். சிவப்பு, பச்சை. நீ வந்து அந்தக் கம்பியை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாய். சத்தம் கேட்டது.

"மணிச் சத்தம் கேக்குதுய்யா" என்றாய்.

மாமா, இதுவரை எழுதியதையெல்லாம் கொஞ்சம் மழுப்பிவிடலாம். யாவாரம் என்றால் அப்படித்தான் என்று எவனிடமும் வாதாடுவேன். அந்தக் காணும் பொங்கலை மட்டும் மழுப்ப முடியவில்லை.

காலையிலேயே வந்துவிட்டாய். வெள்ளை வேட்டி. கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வாழை இலை, பொங்கச் சோறு, தேங்காய், சின்னதாக ஒரு அரக்குப் பாவாடை. "கரையில இருக்குற வாத்தியாரு சூளையத் தாண்டிப் பெரிய குழி நடுவுல ஒரு தபா வுட்டு எறக்கு யாவாரி. இந்த வருஷம் கரையிலேருந்து வேணாம், நேராவே போட்டுட்டு வந்துரலாம்" என்றாய். கரையில் திருவிழா மாதிரி ஜனம். "இப்ப ஒரு ட்ரிப்பு அடிச்சிட்டு வந்துரு மாமா, அப்பறம் போலாம்" என்றேன். அந்த ட்ரிப் முடிந்ததும் இன்னொரு ட்ரிப். நீ அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே ஏழு கன்னிமாரைப் பற்றிச் சொன்னாய். மத்தியானம் பையிலிருந்து சோறு புளித்த வாசனை வந்தது. ஒரு ட்ரிப்பில் ஒரு குழந்தை, "தாத்தா, பையில என்னா?" என்றது. "எந் தங்கச்சிக்குத் துணி" என்றாய். "ஊருக்குப் போறீங்களா?" என்றது. "பக்கத்துலதான். படகுக்காரர் வுட மாட்டேங்கறாரு" என்றாய். படகே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இருட்டினால் படகு எடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆறு மணிக்குக் காவலர் விசில் ஊதிவிட்டார். பஜ்ஜிக் கடைக்குப் பின்னால், எண்ணெய் டின் கிடந்த இடத்தில், கொஞ்சம் தரையைக் கையால் தள்ளிவிட்டு இலையைப் போட்டாய். சூடத்துக்கு என்னிடம்தான் தீப்பெட்டி கேட்டாய். கொடுத்தேன். கொடுத்துவிட்டு அங்கே நிற்காமல், டிக்கெட் கவுண்டரில் வேலை இருக்கிறமாதிரிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ இல்லை. இலை இருந்தது. பாவாடையை நீ எடுத்துக்கொண்டு போயிருந்தாய்.

அதற்கப்புறம் நீ வந்தது கொஞ்ச நாள்தான். ஒரு பெண் படகில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் குழந்த பொறக்குமாங்கய்யா, அம்மாளு என்னா சொல்றாங்க?" என்று கேட்டாளே, மறுநாளே தொண்டை கட்டியிருக்கிறது என்று ஆள் அனுப்பிவிட்டாய். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் போனை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். "ஒரே ஒரு தடவ இதுல சொல்லிடு மாமா. அப்பறம் நீ ஏரிப் பக்கமே வர வேணாம்." நீ கழன்றுகொள்ள வழி கேட்டாய், நான் நீ இல்லாமலே உன்னை வைத்துக்கொள்ள வழி கண்டுபிடித்தேன். கட்டிலில் உட்கார்ந்து சொன்னாய். முடித்தாய். அணைத்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினாய். போன் ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். போன் கடையில் கொடுத்து முன்னாலும் பின்னாலும் வெட்டி, கன்னிமார் கதையை மட்டும் பெட்டியில் ஏற்றச் சொன்னேன். ஆவணியில் நீ போனாய். உன் காரியத்தன்றும் படகு ஓடியது. அன்றும் நீதான் பேசினாய்.

மார்கழிக் கடைசியில் சுமதி கடைக்கு வந்தாள். வழியில் ஏரியில் இறங்கி, டிக்கெட் வாங்கி, ஒரு சுற்று போய்விட்டு வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"யாவாரி மாமா, அப்பா கொரலு எங்ககிட்ட எங்கியுமே இல்ல. படகுல இருக்கறத எம் போன்ல ஏத்திக் குடுங்க" என்றாள்.

என் போனில் இரண்டு இருந்தன. வெட்டினது ஒன்று, முழுசு ஒன்று. வெட்டினதைக் கொடுத்தால் அவள் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். அப்பா சாமி கதை சொல்வதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பாள். நல்ல சரக்கு, உடைசல் தெரியாது. முழுசைக் கொடுத்தால் அவள் அப்பன் பொய் சொன்னதும் தெரியும், சொல்லவைத்தவன் முகமும் தெரியும். என் விரல் வெட்டினதின் மேல்தான் போனது, மாமா. அப்போது அவள் சொன்னாள், "அந்த மொயலு இன்னும் எங்கூட்டுலதான் இருக்குது மாமா. டிவி மேல. எம் புள்ள காது ஒடஞ்ச பக்கத்தைத்தான் முன்னால திருப்பி வப்பான், அதுக்கு அந்தப் பக்கம் நல்லாக் கேக்குமாம்." ஒன்றும் நினைக்காமல்தான் சொன்னாள். நான் முழுசை அழுத்தினேன்.

முதலில் நீ இருமினாய். பிறகு, "என்னா யாவாரி, பொய்ய ஆரம்பிக்கலாமா?" என்றாய். சுமதி சட்டென்று சிரித்துவிட்டாள். அப்பாவே வந்து நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கதை முழுக்கச் சிரித்த முகமாகவே கேட்டாள். கதை முடிந்து, "போதுமா? அணச்சிட்டியா?" என்று நீ கேட்டதும் நான் நிறுத்தப் போனேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கேளு யாவாரி. நீ நிறுத்துற எடத்துல ஒண்ணுங் கெடையாது. அஞ்சல எடம் வேற. பெரிய குழியில பாதி தூரம் போயி நில்லு. சூளப் பொகபோக்கி தண்ணி டேங்குக்கு முன்னால வந்து மறைக்கும். அப்டியே சோத்தாங்கைப் பக்கம் பாரு, ஒத்தப் பனையும் கரண்டு கோபுரமும் ஒண்ணா நிக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல நேரா வந்துதுன்னா அதான். செங்கல் போயிருச்சி, மண்ணு லாரியில போயிருச்சி, எடம் மட்டும் இருக்குது. எடத்த எவன் அள்ளிக்கினு போவ முடியும்? பன்னெண்டு வயசுய்யா. அவளுக்குத் தண்ணின்னா பயம். கெணத்துல எட்டிக்கூடப் பாக்க மாட்டா. எனக்கு அதான் ஒரு மாரியா இருக்குது. எனக்கப்பறம் வருசத்துக்கு ஒரு பாவாட நீ போட்டுரு யாவாரி. சுமதி வூடு தூரம். போடுவியா?"

அதற்குப் பிறகு என் குரல். "ம்."

அவ்வளவுதான் மாமா. ஊரெல்லாம் பேசிப் பேசிப் பிழைத்த வாய், அந்த இடத்தில் ஒரு 'ம்'. அதையும் வெட்டச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன்.

சுமதி போனைக் கையில் பிடித்தபடியே, "இத ஏன் மாமா வெட்டுனீங்க?" என்றாள்.

"விக்காதுன்னு வெட்டுனேம்மா."

வேறு என்ன சொல்ல? அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "படகுல இதையே போடுங்க. முழுசா."

"அப்பா பொய்யி சொன்னாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும். சொல்லச் சொன்னது யாருன்னும் தெரியட்டும். போடும்போது நீங்களும் படகுல இருங்க."

போன மாதம் காணும் பொங்கல். விடிந்ததும், டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், சுமதியும் நானும் அந்தோணியும் மட்டும் போனோம். பெரிய குழியில் பாதி தூரத்தில் அந்தோணி எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பால் தள்ளினான். புகைபோக்கி மெல்ல நகர்ந்து டேங்கை மறைத்தது. பனை கோபுரத்தோடு சேரவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளினான். டேங்க் எட்டிப் பார்த்தது. மறுபடி தள்ளினான். இத்தனை வருஷம் நீ கரையில் உட்கார்ந்து வெறுமனே வேடிக்கை பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நேராக வந்து நின்றபோது அந்தோணி துடுப்பை மேலே எடுத்துவிட்டான். அங்கே தண்ணீர் மற்ற இடத்தைப் போலவேதான் இருந்தது, பாலில் பச்சை கலந்தமாதிரி. சுமதி இரண்டு பாவாடை கொண்டுவந்திருந்தாள். ஒன்று புதுசு. ஒன்று உன் பெட்டியில் மடித்து வைத்திருந்த அரக்குப் பாவாடை. அந்த அரக்கை அவள் என் கையில் கொடுத்தாள். "நீங்க போடுங்க. 'ம்'னு சொன்னீங்க இல்ல." கல்லைச் சுற்றிப் போட்டேன். "பயப்படாதம்மா" என்று என் வாயில் வந்தது. யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது.

பிறகு கூட்டம் வந்தது. முதல் ட்ரிப்பில் பெட்டியை முழுசாகப் போட்டோம். நீ இருமி, "பொய்ய ஆரம்பிக்கலாமா" என்றதும் படகு குலுங்கிச் சிரித்தது. ஒரு ஆள், "யாருங்க அந்த யாவாரி?" என்றார். அந்தோணி முகவாயால் என்னைக் காட்டினான். கதை முடிந்து அஞ்சலை வந்ததும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அந்த 'ம்' வந்தபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான். ஒரு மூலையில் ஒரு பெண் கையில் வளையலோடு நின்றிருந்தாள். பஜ்ஜிக் கடையின் வளையல் கம்பியை நான் முன்பே அவிழ்த்துவிட்டிருந்தேன். இவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப கோயிலு இல்லீங்களா?"

"இல்லம்மா."

"அந்தப் பொண்ணு மட்டும் நெசங்களா?"

"நெசம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வளையலு போட்டுக்குற வயசுதானுங்களே" என்று சொல்லிவிட்டு, அஞ்சலை இடத்தில் படகு நின்றதும் போட்டாள். என்ன வேண்டிக்கொண்டாளோ. பம்புக் குழிக்கு அடியில் அத்தனை பெண்களுடைய வளையலும் சேற்றில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கொண்டுவந்து அஞ்சலையிடம் போட எனக்கு வழி தெரியவில்லை.

ஏலம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. கூட்டம் குறைந்திருக்கிறது, சிலர் என்னைப் பார்க்கவென்றே வருகிறார்கள். சுமதி சொன்னபடி ஒவ்வொரு ஞாயிறும் படகில் உட்காருகிறேன். உன் இருமல் வரும், கேள்வி வரும், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். கடையில் ஆயிரம் பொம்மைகளை உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தவன் நான்.

படகில் சுவர் இல்லை, மாமா.